சார்ந்து செல்லும் மரம்

புறத்தேயிருந்து வந்து பொருந்தும் நியமம் மனிதனை நேர்ப்படுத்துமா, அன்றி அவனுடைய இயல்பை நெரித்துவிடுமா என்னும் வினா, சமய விசாரம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. விரதம் என்றும் அநுட்டானம் என்றும் கற்பனை என்றும் மார்க்கச் சட்டம் என்றும் பெயர் எதுவாயினும், ஒருவனோடு கூடப் பிறவாத ஒன்று பின்னொரு நாளில் அவன்மேல் ஏற்றப்பட்டு, இவ்வழியே செல் என்று அவனை நிறுத்துகின்றது. அதனை ஏற்றவருள் சிலர் செம்மையுற்றுச் சிறந்ததையும், சிலர் நெஞ்சம் வறண்டு கடுமையே உருவாகிப் போனதையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். நியமம் ஒன்றாயிருக்க விளைவு இவ்வாறு வேறுபடுவது ஏன் என்பதே நான் ஆராய விரும்புவது. அதற்கு நான் தேர்ந்துகொண்ட இடம் மடமுமன்று, கல்லூரியுமன்று. மன்னார்த் தீவிலே பேசாலைப் பக்கத்தில், வேப்பமர நிழலில், தகரக் கூரை வேய்ந்த ஒரு வீட்டுப் பட்டறை.

மன்னாரில் தச்சுத்தொழில் கடலோடு உறவு பூண்டது. வள்ளமும் தோணியும் கட்டிய ஓடாவிமாரின் வழிவந்தவர்கள், ஃபைபர் படகுகள் கரையை நிறைத்த பின்னர், கதவு, யன்னல், அலுமாரி, கட்டில் என்று வீட்டுத் தளபாட வேலைக்குத் திரும்பினர். தீவின் உவர்மணலில் பனையும் வேம்பும் உண்டேயன்றி, முதிரையும் பாலையும் வன்னிக் காட்டிலிருந்து தாம்போதியைக் கடந்தே வரவேண்டும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமோ, அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதென்று சொல்லப்படுவது, கண்டவரை வியக்கச் செய்யும் பருமனுடையது. ஆயினும் உளிக்கும் வாளுக்கும் உதவாத சோற்றி மரம். நல்ல மரம் இவ்வாறு அரிதாகவே, தடித்த துண்டொன்றைச் சேதமின்றி இரண்டு மெல்லிய பலகையாகப் பிளக்கவல்ல கருவிக்கு அங்கே மதிப்பு மிகுதி. பாண்ட்சோ அத்தகைய கருவி.

அதன் அமைப்பு எளியது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி முடிவின்றி ஓடும் மெல்லிய உருக்குப் பட்டை. அப்பட்டையின் ஒரு விளிம்பிலே பற்கள். இடையே, பட்டை இறங்கிச் செல்வதற்கு வழிவிட்ட வார்ப்பிரும்பு மேசை. 1809 ஆம் ஆண்டிலேயே வில்லியம் நியூபெரி என்னும் ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை பெற்றாராயினும், சக்கரத்தின்மேல் வளைந்து வளைந்து ஓடும் பட்டை பொருத்து விட்டு அறுந்தமையால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் அது பயன்படாக் கற்பனையாகவே கிடந்தது. ஆன் போலின் கிரெப்பென் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி பட்டையின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டும் முறையைக் கண்டு 1846 இல் உரிமை கோரிய பின்னரே அது பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது.

இவ்யந்திரத்தின் தனிச்சிறப்பு வளைவு அறுத்தல். பட்டை ஒடுங்கியதாகையால் மரம் திரும்பும் திசையெல்லாம் அது உடன் திரும்பும். வள்ளத்தின் விலாச்சட்டங்களை அறுப்பதற்கு இதனினும் இசைந்த வாள் இல்லை. எந்தச் சுதந்திரத்தால் வளைவிலே சிறக்கின்றதோ அந்தச் சுதந்திரத்தாலேயே நேர்கோட்டில் அது தடுமாறும். ஆகவே நேராக அறுக்க வேண்டியபொழுது, வாளுக்கு ஒரு பக்கத்தில், மேசைமேல், பலகை சார்ந்து செல்வதற்கு உயர்ந்ததொரு சட்டத்தை நிறுத்துவர். விற்போர் அதனை ஃபென்ஸ் என்பர். அந்தப் பட்டறையில் வெறுமே சட்டம் என்றார்கள். வீட்டுப் பட்டறைக்கென்று விற்கப்படும் சிறிய யந்திரங்கள் பலவற்றோடு வரும் சட்டம் உறுதியற்றது. சிலவற்றோடு சட்டமே வருவதில்லை. ஆதலின் வேறோரிடத்தார் செய்த சட்டத்தைத் தனியே வாங்கிப் பூட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு.

இதற்கு முன்பும் நம் தச்சர் நேராக அறுத்தனர் அல்லவா என்று கேட்கலாம். அறுத்தனர், நூல் போட்டு அறுத்தனர். அந்த நூலையே உவமையாகக் கொண்டு இலக்கண நூலின் பயனைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் விளக்கியதைப் பள்ளியிற் படித்தவர் அறிவர். ஆனால் மரத்தின்மேல் விழுந்த கரிக்கோடு கண்ணோடு மட்டும் பேசுவது; காணும் வல்லமையும் கையின் அடக்கமும் உடையவனுக்கே அது பயன்படும். சட்டமோ மரத்தின் உடம்பையே தாங்கிப் பிடிப்பது. முன்னது உபதேசம் எனின், பின்னது அநுட்டானம். உபதேசம் கேட்டும் வழுவுகின்றவர்களே நம்முள் பெரும்பான்மையோர் ஆகையால், அநுட்டானத்தின் இயல்பை ஆராய்வதே நமக்கு அதிகம் தேவையாகின்றது.

நான் கண்ட பட்டறையில் தாய்மாமனும் மருமகனுமாக இருவர் சட்டத்தைப் பூட்டினர். பெரியவர் முன்பு வள்ளம் கட்டியவர். இளைஞர் தொழில்நுட்பக் கல்லூரியில் மரவேலை பயின்றவர். வந்திருந்த சட்டம் வேறொரு யந்திரத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது: அலுமினியத்தாலான நீண்ட முகம், மேசையின் முன்விளிம்பிற் பூட்டவேண்டிய தாங்கி, இறுக்கும் பிடி, போல்ட்டுகள். தாங்கியிலிருந்த துளைகளும் மேசையிலிருந்த துளைகளும் பொருந்தவில்லை. மின்செருகியைக் கழற்றி எட்டத்தில் வைத்த பின்னர், இளைஞர் தாங்கியைப் பிடிக்க, பெரியவர் பழைய கலண்டர் மட்டையொன்றைச் சட்டத்தின் அடியிலே செருகி உயரத்தைத் தீர்மானித்தார். சட்டம் மேசையை உராயாமலும், அறுபடும் பலகையின் விளிம்பு அதன் அடியிற் புகுந்து சிக்காமலும் இருப்பதற்கு அவ்வளவு இடைவெளியே போதும். பிறகு குறியிட்டு, குத்தூசியால் அடித்து, மேசையில் துளைத்து மரை வெட்டினர். தாங்கியிலோ போல்ட்டின் பருமனிலும் சற்றே பெரிய துளைகளைப் போட்டுக்கொண்டனர். மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்திச் சட்டத்தின் முகத்தோடு சேர்த்து, தலையைத் தாழ்த்தி, இரண்டுக்கும் இடையே வெளிச்சம் கசிகின்றதா என்று பெரியவர் நெடுநேரம் நோக்கினார். கீற்றும் தெரியாதபொழுதே தலையசைத்தார்.

மருமகன் மேசையிலுள்ள நீண்ட பள்ளத்துக்கு இணையாகச் சட்டத்தை நிறுத்தி இறுக்கி, வேப்பம் பலகையொன்றை விட்டு அறுத்துப் பார்த்தார். சிறிது தூரம் சென்றதும் பலகை சட்டத்தைவிட்டு விலகத் தொடங்கிற்று. அழுத்திப் பிடித்தபொழுது வாள் முறுகி, மரம் கருகும் மணம் எழுந்தது.

"சட்டத்தை மேசையோட நேராத்தானே பூட்டினனான் மாமா, பிறகேன் பலகை விலகிப் போகுது?"

"மேசையே தம்பி பலகையை அறுக்குது? வாளைக் கேட்டுப் பார்."

வாளைக் கேட்கும் முறையையும் அவரே காட்டினார். நேர்விளிம்புள்ள பலகையொன்றில் அவ்விளிம்புக்கு இணையாகப் பென்சிலாற் கோடு கீறி, சட்டத்தை அகற்றிவிட்டு, கையினாலேயே அக்கோட்டின்வழி அறுத்துச் சென்றார். வாள் கோட்டைவிட்டு நீங்காதிருக்க வேண்டுமாயின் பலகையைச் சற்றே ஒருபுறம் சாய்த்துத் தள்ளவேண்டியிருந்தது. பாதி அறுந்ததும், பலகையை அசையாமற் பிடித்தபடி யந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பலகையின் விளிம்பு மேசைமேல் எவ்வாறு கிடந்ததோ அவ்வாறே ஒரு கோடு கீறிக்கொண்டார். பின்னர்த் தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அந்தப் பெரிய துளைகள் தந்த இடத்துக்குள் சட்டத்தைத் திருப்பி, கீறிய சாய்வுக்குச் சரியாக நிறுத்தி இறுக்கினார். மேசையோடு ஒப்பிட்டு நோக்கினால் சட்டம் இப்பொழுது கோணல்; அறுந்து வந்த பலகையோ நூல்பிடித்தாற்போல் நேராக இருந்தது.

ஒவ்வொரு வாளுக்கும் இவ்வாறு ஓர் இழுவை உண்டு. பற்கள் ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் விரித்து வைக்கப்பட்டிருப்பன. ஒரு பக்கத்துப் பற்கள் மற்றப் பக்கத்தினவற்றிலும் கூரியனவாகவோ சற்று அதிகம் விரிந்தனவாகவோ இருந்தால், வாள் அப்பக்கம் ஈர்க்கப்படும். மேற்சக்கரத்தின் வட்டப்புறம் நடுவில் சற்றே மேடிட்டது; அந்த மேட்டின்மேல் பட்டை முன்னோ பின்னோ ஓடுமாயின் அதன் நோக்குத் திசை மாறும். இழுப்பு விசை குறைந்தாலும், மரத்தை அவசரப்பட்டுத் தள்ளினாலும் வாள் வழிதவறும். இங்கே தொழிலறிந்தவர்களுள் இரு கட்சி உண்டு. இழுவையை அளந்து அதற்கேற்பச் சட்டத்தைத் திருப்புக என்பது ஒன்று. பட்டையைச் சக்கரத்தின் நடுவே ஓடவிட்டு, விசையைச் சீர்செய்து, இழுவையையே இல்லாமலாக்கி, சட்டத்தை மேசைக்கு இணையாகவே வைத்துக்கொள்க என்பது மற்றொன்று. பெரியவர் இரண்டையும் செய்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். வாளைக் கேட்பதற்கு முன்னரே பட்டையின் விசையைத் திருத்தி, பற்களை விரலால் தடவி மழுங்கல் பார்த்து, சக்கரத்தைக் கையாற் சுழற்றிப் பட்டை நடுவே ஓடுகின்றதா என்று கண்டுகொண்டார். திருத்தக்கவற்றைத் திருத்திய பின்னும் எஞ்சிய இழுவைக்கே அவர் சட்டத்தைத் திருப்பினார்.

நான் தொடங்கிய வினாவுக்கு உரிய விடையின் முதற்பகுதி இந்த வரிசையிலே இருக்கின்றது. மனிதனிடத்தும் திருத்தத்தக்க குற்றம் வேறு, எஞ்சி நிற்கும் சுபாவம் வேறு. குற்றத்தை இயல்பென்று கொண்டு அதற்கேற்ப நியமத்தை வளைப்பது சோம்பல்; இயல்பைக் குற்றமென்று கொண்டு ஒடிக்க முயல்வது கொடுமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகம் குருவுக்கு வேண்டும், தாய்தந்தையர்க்கும் வேண்டும். அவ்விவேகமின்றி மேசையை மட்டும் நோக்கிப் பூட்டப்படும் நியமம் பார்வைக்கு எத்துணை ஒழுங்காயிருப்பினும், உள்ளே வாளை முறுக்கி மரத்தைக் கருக்குகின்றது. ஒரே விரதம் ஒருவரைச் செம்மை செய்ததும் மற்றொருவரைக் கடுமையாக்கியதும் இதனாலேயே என்பது என் துணிபு.

இனி, சட்டமே வேண்டாம், எதையும் சாராமற் செல்வதே ஆன்மாவுக்கு அழகு என்று கூறும் கட்சியையும் நோக்குவோம். இக்காலத்து இளைஞர் பலர்க்கு இது உவப்பானது. அவர்களுடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆயினும் சட்டமின்றி அறுக்கப்படும் பலகையும் எதையோ சார்ந்தே செல்கின்றது. அறுப்பவனுடைய கைப்பழக்கத்தைச் சார்கின்றது. மரத்தின் நாரோட்டத்தைச் சார்கின்றது. வாளின் இழுவையைச் சார்கின்றது. பனையை அறுத்தவர்க்கு இது பிரத்தியட்சம். பனையின் புறம் கருநார் செறிந்த வைரம். அகம் மெத்தென்ற சோறு. இரண்டும் சந்திக்குமிடத்தில் வாள் வைரத்தைவிட்டு மென்மையின் பக்கமே ஒதுங்கும். எவரும் அதனை அங்கே திருப்பவில்லை. எளிதான வழி அதனைத் திருப்பிற்று. எதையும் சாராத செலவு என்று நாம் பெருமைப்படுவது பெரும்பாலும் எளிமையைச் சார்ந்த செலவே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. ஆன்மா தனித்து நிற்பதொரு பொருளன்று. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இலக்கணம். மலத்தைச் சார்ந்தபொழுது மலத்தின் தன்மையும், சிவத்தைச் சார்ந்தபொழுது சிவத்தின் தன்மையும் அதற்கு உண்டாகும். சாராதிருத்தல் என்பது அதன் தெரிவுக்குள் அடங்கிய ஒன்றன்று. எதைச் சார்வது என்பதே அதன் தெரிவு. அந்தப் பட்டறையில், தானாக ஒருபோதும் நேராகாத பலகை, நேரான ஒன்றைச் சார்ந்து சென்றமையாலேயே நேரானதை நோக்கி நின்றபொழுது, பல்லாண்டு பாடமாக ஓதிவந்த சித்தாந்தத் தொடர் எனக்குக் கண்முன் நிகழ்ச்சியாயிற்று.

அதே சித்தாந்தம் எல்லோர்க்கும் ஒரே சாய்வில் சட்டத்தை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி நான்கு. உழவாரம் ஏந்திக் கோயில் வீதியைச் செதுக்கிய அப்பர் சரியையாகிய அடிமை நெறியில் நின்றார். சம்பந்தர் கிரியையாகிய மகன்மை நெறியில் நின்றார். சுந்தரர் யோகமாகிய தோழமை நெறியில் நின்றார். மாதோட்டத்திலே பாலாவிக் கரையில் எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரநாதர்மேல் சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கின்றனர். இருவரும் கடல் கடவாமல் இராமேச்சரத்துக் கரையில் நின்றே பாடினர் என்பது மரபு. பாடப்பட்ட தலம் ஒன்று. பாடியவர் நின்ற நிலை வேறு. சுந்தரருடைய வரலாறு இவ்விஷயத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. திருமணப் பந்தரில் தம்மைத் தடுத்த கிழவேதியரை அவர் சினந்து பித்தன் என்று ஏச, இறைவர் பின்னர் அந்த ஏச்சையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். சினத்தை முதலில் ஒழித்துவா என்று திருப்பி அனுப்பவில்லை. அவருடைய இழுவை எத்திசையிலிருந்ததோ அத்திசைக்கே சட்டத்தைத் திருப்பி, அதன்வழியே அவரைத் தம்பால் செலுத்திக்கொண்டார். வன்றொண்டர் எனப்பட்ட சுந்தரர் கடைசிவரை வன்றொண்டராகவே இருந்தார். பாட்டு மட்டும் நேராகவே சென்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பெரியவர் சட்டத்தைத் திருப்பினார். சட்டத்தின் முகத்தை வளைக்கவில்லை. இசைவுக்கென்று அவர் விட்ட இடமெல்லாம் தாங்கியின் துளைகளில் இருந்தது; முகத்திலோ மூலைமட்டத்தின் பின்னே ஒளிக்கீற்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. இணையும் இடத்தில் நெகிழ்வும் தாங்கும் இடத்தில் நேர்மையும் என்ற இந்தப் பாகுபாடு, வேற்று நிலத்திலிருந்து வந்த நியமம் ஒரு மண்ணுக்கு உரியதாவது எவ்வாறு என்னும் வினாவுக்கும் விடை தருவது. மன்னார்க்கரைக்கு அந்த வினா புதிதன்று. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வாழும் முஸ்லிம்கள் தொழுகையில் முன்னோக்கும் கிப்லா, உலக முஸ்லிம்கள் அனைவரும் முன்னோக்கும் அதே கஃபாவே. ஆயினும் மன்னாரில் நின்று தொழுவோர் மேற்கே சற்று வடக்குச் சாய்ந்து நிற்க, மொரோக்கோவில் நின்று தொழுவோர் கிழக்கு நோக்கி நிற்கின்றனர். மன்னார் முஸ்லிம் மொரோக்கோவின் திசையைப் பார்த்து அப்படியே கிழக்கு நோக்கித் திரும்புவாராயின், மேசையின் பள்ளத்தைப் பார்த்துச் சட்டம் பூட்டிய இளைஞரைப் போல்வர்.

கத்தோலிக்க சமயம் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்தது. வந்த நியமத்தை மாதோட்டத்தார் தங்கள் கூத்தின் தாளத்திலும் மெட்டிலும் இணைத்துக்கொண்டனர். அர்ச்சிஷ்டர்களின் சரித்திரம் நாட்டுக்கூத்தாயிற்று. பேசாலையில் கிறிஸ்துவின் பாடுகளை உருவங்களைக் கொண்டு காட்டும் உடக்குப் பாஸ் வளர்ந்தது. விசுவாசப் பிரமாணமோ மாறவில்லை. அந்த இணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு மடு மாதா தலமே சாட்சி. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டபொழுது, 1670 அளவில், மாந்தையிலிருந்த மாதாவின் சுருபத்தைச் சில குடும்பங்கள் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவுக்குச் சென்றன. யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தது 1687 இல். இடைப்பட்ட காலத்தில் மேற்பார்க்கும் குருமாரின்றியும் அந்தக் காட்டிலே செபம் நிற்கவில்லை. புறத்திலிருந்து வந்த நியமம் வந்தவர் போனபின்னும் நிற்குமாயின், அது இனிப் புறத்தது என்று சொல்வதற்கு என்ன நியாயம் உண்டு? கடையிலே வாங்கிய சட்டம் என்று சொல்வது பூட்டும் வரையிலேதான். மரையும் போல்ட்டும் கவ்விக்கொண்ட பின் அது அந்த யந்திரத்தின் உறுப்பு.

நியமத்தின் மற்றொரு முகத்தையும் இம்மண் கண்டிருக்கின்றது. அதனை மறைத்துப் பேசுவது சத்தியமாகாது. சட்டம் தன் மேசையில் தன் பலகைக்காக நிற்கவேண்டியது. அதனைக் கழற்றித் தடியாகக் கையில் எடுத்துக்கொண்டு அயலான் வீட்டுக்குப் போனவர்களின் சரித்திரம் மன்னாரில் நீண்டது. 1544 இல், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் நூற்றுக்கணக்கில் வெட்டுண்டனர். பின்வந்த போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தனர். அக்கோயிற் கற்கள் மன்னார்க் கோட்டைச் சுவருக்குச் சென்றன என்று மக்கள் இன்றும் சொல்கின்றனர். அவ்விடம் காடாகிக் கிடக்க, 1872 இல் ஆறுமுக நாவலர் அதனை மீட்கவேண்டுமென்று சைவமக்களை வேண்டினார். 1948 இல் தொடங்கிய திருப்பணிச் சபை சேர் கந்தையா வைத்தியநாதனைத் தலைவராகக் கொண்டு உழைத்து, 1976 இல் மகாகும்பாபிஷேகம் நடந்தது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் அனைவரும் வடமாகாணத்தைவிட்டு விரட்டப்பட்டனர். 2019 இல், மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர வீதியில் ஒரு வளைவைக் குறித்துச் சைவரும் கத்தோலிக்கரும் பிணங்கியதும் நம் கண்முன்னது. இச்செயல்களைச் செய்தோர் தம் நியமத்திலே பற்றில்லாதவர் என்று நான் கூறமாட்டேன். பற்று மிகுந்தவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் இருந்தது நியமமன்று. பலகை சாராத சட்டம் வெறும் அலுமினியக் கட்டை.

சட்டத்தைச் சார்ந்து அறுப்பதில் முயற்சியேது, அது யந்திரச் செயலாகி மனத்தை உறக்கத்தில் ஆழ்த்திவிடாதா என்று கேட்போர்க்கு ஒரு சொல். சட்டம் மரத்தைத் தள்ளுவதில்லை. முன்னோக்கித் தள்ளும் விசையும், பக்கவாட்டில் சட்டத்தோடு அணைக்கும் விசையும் அறுப்பவனுடைய இரு கைகளிலிருந்தே வரவேண்டும். முடிவில் விரல் வாளை நெருங்காதபடி தள்ளுகட்டையை எடுப்பதற்கு விழிப்பும் வேண்டும். சிவராத்திரியில் பாலாவியின் நீரைச் சிறு செம்பில் முகந்து, கூட்டத்தினூடே சிந்தாமற் சுமந்துசென்று, மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே வார்க்கும் அடியவர் செய்வது நியமத்தின் வழிப்பட்ட செயல்தான். அந்தச் செம்பைப் பற்றியிருக்கும் விரல்களை ஒருமுறை பார்த்தவர் அதனை உறக்கம் என்று சொல்லத் துணியமாட்டார்.

கழற்ற முடியாத சட்டமும் குறையுடையதே. விலாச்சட்டம் போன்றதொரு வளைவை அறுக்கும் வேளை வந்தபொழுது பெரியவர் பிடியைத் தளர்த்திச் சட்டத்தை எடுத்துச் சுவரோரம் சார்த்திவிட்டார். என்றும் நிலையாகப் பூட்டிய சட்டம் பாண்ட்சோவின் உயிர்ச்சிறப்பையே கெடுத்துவிடும். மரத்தை மெல்லிய பலகையாகப் பிளக்கும்பொழுதோ, நீண்ட முகத்துக்குப் பதிலாக, வாளுக்கு நேரே, உருண்டையான ஒற்றைத் தூண் ஒன்றை நிறுத்தும் முறையும் உண்டு. பலகை அதனை ஓரிடத்தில் மட்டும் தொட்டுச் செல்லும், திருப்பும் உரிமையெல்லாம் கையிடத்தே இருக்கும். நெடுநாள் முழுச்சட்டத்தைச் சார்ந்து அறுத்துக் கை பழகியவனே அதனை ஆள வல்லான். ஞானிக்கு அநுட்டானம் தானே நழுவுவதன்றி அவன் அதனை உதறுவதில்லை என்று நம் ஆசாரியர் வற்புறுத்துவதன் தாற்பரியம் இதுவே போலும். முதல்நாளே உதறியவனும் முதிர்ந்து நழுவவிட்டவனும் வெளிப்பார்வைக்கு ஒருவராய்த் தோன்றலாம். அவர்கள் அறுத்த பலகைகளை அடுக்கிவைத்தால் வேற்றுமை தெரியும்.

ஆகவே மன்னாரிலும் பிறவிடங்களிலும் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பில் சிறுவர்க்குச் சமயம் கற்பிக்கும் சைவ ஆசிரியர்களையும், மறைக்கல்வி ஆசிரியர்களையும், மத்ரஸாவின் உஸ்தாத்மாரையும் நான் கைகூப்பி வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் நியமத்தின் முகத்தை ஒரு மயிரிழையும் வளைக்க வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையினிடத்து அதனை இறுக்கிப் பூட்டுவதற்கு முன்னர், ஒரு தவணைக்காலமேனும் அப்பிள்ளையைத் தன் கையினாலே ஒரு கோட்டை அறுத்துச் செல்ல விட்டு, அருகிலிருந்து பாருங்கள்; அது எப்பக்கம் இழுக்கின்றது, அவ்விழுவையில் திருத்தக்கது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கண்டுகொண்டு, அதன்பின் போல்ட்டை இறுக்குங்கள்.